பிறந்த ஊரில் குடிமகள் ஆன கதை

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் ஒழுங்காக வடிந்திருந்தால் நான் இன்றும் பிரெஞ்சுக்காரியாகவே இருந்திருப்பேன்.

காரைக்காலில் அரசலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தெரு. தெருக்கோடியில் ஒரு வாய்க்கால். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பிடித்துக்கொண்டால் அந்த வாய்க்கால் ஆற்றுப் பக்கம் போகாமல் எங்கள் வாசல் பக்கம் வரும். வருடா வருடம் தெருப் பெண்கள் சேர்ந்து நகராட்சிக்குப் போவோம். எல்லோருக்கும் முன்னால் நின்று பேசுவது நான்தான். எனக்கு மனு எழுத வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் குரல் நடுங்காது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்து ஜன்னல்களில் சின்ன வயதிலிருந்தே நின்று பழகியவள் நான்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்கு வெகு காலம் கழித்து, காரைக்கால் அரசு மருத்துவமனையில் நான் பிறந்தேன். பிரெஞ்சுக்காரரின் மகள், ஆகவே பிரெஞ்சுக்காரி. அண்ணன் பாரிஸ் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான். நான் இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, வீட்டு மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் கடை. அவர் இந்தியர். என்னைக் கட்டிக்கொண்டதால் அவரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அந்த மொழியில எனக்கு வணக்கம் சொல்லவே வாய் வரல, நான் எங்க தேர்வு எழுதறது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். எங்கள் ஒரே மகன் லியோனில் பொறியியல் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறான்.

இந்தியாவில் நான் தங்கியிருக்க ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதன் பெயர் 'கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை'. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம். அந்தக் கடலைத் தாண்டி நான் எங்கும் குடியேறியதில்லை. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் நான் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தேன். பெயர்தான் குடிமக்கள் அட்டை. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. அதைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததும் இல்லை.

வெகு காலமாக நடக்காமல் கிடந்த நகராட்சித் தேர்தல் நடக்கப்போகிறது என்று அந்த வருடம் பேச்சு வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப்போன பிறகு, ஏழெட்டுப் பெண்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். முன்னால் வந்தவர் தெருக்கோடியில் குடியிருக்கும் மீன்கார அக்கா. துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பக்கத்து ஊரான கோட்டுச்சேரி வரைக்கும் மீன் அனுப்புகிறவர். அவர் பேசினால் ஏலக்காரரே கொஞ்சம் தள்ளி நிற்பார்.

"டீச்சரம்மா, இந்தத் தடவ நீங்கதான் நிக்கணும்," என்றார் அக்கா. "கட்சி கிட்சி வேணாம். தெருவுல நாங்க பேசிட்டோம். பக்கத்துத் தெருவுலயும் சொல்லியாச்சு."

எனக்குக் காது சூடானது. சந்தோஷம்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"என்னால நிக்க முடியாதுக்கா."

"ஏன், வூட்டுக்காரரு வேணாங்குறாரா? அவர்ட்ட நான் பேசுறேன்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் இந்தியப் பிரஜை இல்லக்கா. பிரெஞ்சுப் பிரஜை."

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை அதிசயமில்லை, தெருவுக்கு இரண்டு வீடாவது இருக்கும். ஆனால் அந்த வீடுகளில் பெரும்பாலும் பூட்டுத் தொங்கும், அல்லது ஓய்வூதியம் வாங்கும் வயதானவர்கள் இருப்பார்கள். தங்கள் கூடவே முழங்கால் தண்ணீரில் நின்று நகராட்சிக்காரரோடு சண்டை போடுகிறவளும் அந்தக் கணக்கில் வருவாள் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை.

"அப்பன்னா இத்தன நாளா நீங்க ஓட்டே போட்டதில்லியா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு மருமகள்.

"போட்டிருக்கேன். பிரான்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு. இங்கயே காரைக்கால்ல வாக்குச்சாவடி வைப்பாங்க."

"அங்க நிக்கிறவன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"டிவியில பாத்திருக்கேன்."

"அவனுக்கு நம்ம வாய்க்காலத் தெரியுமா?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்து முடித்ததும் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை. "பொறந்தது இங்க, படிச்சது இங்க, புருசன் இங்க. அப்ப நீங்க எப்டி வெளிநாட்டுக்காரி? எனக்குப் புரியல டீச்சரம்மா."

எனக்கும் புரியவில்லை. அவர்கள் போனதும் வீட்டைப் பூட்டினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு நேராகக் கணவர் கடைக்குப் போனேன். நடக்கும்போதே ஒரு பரபரப்பு ஏறிக்கொண்டு வந்தது. மாற முடியுமா? யாராவது மாறியிருக்கிறார்களா? எல்லோரும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகத்தான் என்னிடம் படிக்க வருகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு வழி எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

கடையில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டுக்குப் போகிற நேரம் போக மீதி நேரம் தன் இரண்டு படகுகளைப் பார்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு விசிறி வாங்க வந்திருந்தார், படகின் பின்னால் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி. நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"எந்த வருசம் பொறந்தீங்க?"

சொன்னேன்.

"எங்க?"

"காரைக்கால் பெரியாஸ்பத்திரி."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இருந்த சட்டம் என்னன்னு தெரியுமா? இந்திய மண்ணுல பொறந்தா போதும். அப்பா யாரு, அம்மா யாருன்னு கேக்காது. தூதரு பிள்ள மாதிரி ரெண்டொரு விதிவிலக்குதான். அதயெல்லாம் பின்னாலதான் இறுக்குனாங்க. நீங்க பொறந்த அன்னிக்கி நீங்க இந்தியப் பிரஜை."

"நானா?"

"நீங்கதான். கூடவே அப்பா வழியில பிரெஞ்சுப் பிரஜையும்."

இத்தனை வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப இப்ப?" என்றேன்.

"வயசு வந்தப்பறம் நீங்களாப் போய் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தீங்கள்ல? அங்கதான் சிக்கல். வேற நாட்டுக் குடியுரிமைய விரும்பி ஏத்துக்கிட்டா நம்மது போயிடும். அரசியலமைப்புலயும் அந்தக் கொள்கதான், குடியுரிமைச் சட்டத்துலயும் அதுதான். பாஸ்போர்ட்ட அதுக்கு ஆதாரமா எடுத்துக்குவாங்க."

"நான் விரும்பி ஏத்துக்கல சார். அது பொறக்கும்போதே வந்தது. கூடவே வந்தத எப்படி விரும்பி ஏத்துக்கிட்டதுன்னு சொல்லலாம்?"

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதத்தான் கோர்ட்ல கேக்கணும். நல்ல கேள்வி மேடம். மெட்ராஸ் ஐகோர்ட்ல போட்டா கட்டாயம் காது குடுத்துக் கேப்பாங்க."

"எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார் கணவர்.

"அது யாருக்குத் தெரியும். இன்னொரு வழியும் இருக்கு. இந்தியரக் கட்டிக்கிட்டு வருசக்கணக்கா இங்கயே இருக்காங்க. நேரா விண்ணப்பம் போட்டுப் பதிவு பண்ணிக்கலாம். ஆனா பிரெஞ்சுக் குடியுரிமைய விட்டுக் குடுக்கணும். ரெண்டையும் வச்சிக்க நம்ம சட்டத்துல இடமில்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கணவரிடம் சொன்னேன், "விண்ணப்பமே போடுறேங்க." வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய பிறகுதான் சொன்னார். "பையனப் பாக்கணும்னா நாளைக்கி விசாவுக்கு நிக்கணும். அத மட்டும் யோசிச்சுக்க. மத்தபடி உன் இஷ்டம்." அவர் சொன்னது சரி. அதை மட்டும்தான் யோசித்தேன். வேறு எதுவும் எனக்குத் தடையாகத் தோன்றவில்லை.

மகனிடம் போனில் சொன்னபோது முதலில் அவனுக்குப் புரியவில்லை. "பாஸ்போர்ட் புதுப்பிக்கிறியாம்மா?" என்றான். விளக்கினேன். "அப்ப என்னப் பாக்க வர நீ விசா வாங்கணுமே" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "என் பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆகாது, அவன் பெரியவன், அவனுடையது அவனோடு என்றேன். "அப்ப சரி. அழைப்புக் கடிதம் நான் அனுப்புறேன். என் வீட்டுக்கு வர எங்கம்மாவுக்கு நான் கடிதம் குடுக்கணும், நல்லாருக்கு" என்றான்.

அண்ணன் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கத்தினான். "அப்பா அந்தக் குடியுரிமைக்காக எங்கெங்க போய்ச் சண்டை போட்டாருன்னு தெரியுமா ஒனக்கு? சனம் கடல்ல விழுந்து செத்துக்கிட்டு இங்க வருது. நீ கையில இருக்கறதத் தூக்கிப் போடுற."

"அப்பாகிட்ட எந்த நாடு வேணும்னு கேட்டாங்கண்ணே, அவர் பதில் சொன்னாரு. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"நாளைக்கு அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? காலம் போற போக்கு தெரியுதுல்ல?"

"அங்கயும்தான் போக்கு மாறுது. போன தடவ நீயே சொன்னியே, கடைக்காரன் ஒன்ன ஊருக்குப் போங்கறான்னு."

அண்ணனுக்கு என் மேல் இருந்தது கோபம் மட்டுமில்லை. நான் இங்கே பிரெஞ்சுக்காரியாக இருக்கும்வரை அவன் அங்கே தனியாக இல்லை என்று அவனுக்கு ஓர் எண்ணம். அது எனக்குத் தெரியும். அதனால் திரும்பத் திரும்ப வாதாடவில்லை. "ஒன் தங்கச்சிதான் நான், எந்த நாட்டுல இருந்தாலும்" என்று சொல்லி வைத்தேன்.

உண்மையான சோதனை என் வகுப்பில்தான் காத்திருந்தது. கோட்டுச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்ப் பையனைக் கட்டியிருந்தாள். அவன் அங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரன். இவள் கொஞ்சம் மொழியும் அந்தக் குடியரசின் கொள்கைகளும் கற்றுக்கொண்டு கிளம்ப வேண்டும். வாய்த்துடுக்கு அதிகம், மூளையும் அதிகம். என் விஷயம் அவள் காதுக்கு எட்டிய மறுநாள், வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்களே வேணாம்னு விட்டுட்டு வர்ற இடத்துக்கு எங்கள ஏன் அனுப்புறீங்க?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒன் வீட்டுக்காரரு அங்க. ஒன் வாழ்க்க அங்க நடக்கப்போவுது. நீ அங்க ஓட்டுப் போடணும், அங்க தெருவுல தண்ணி நின்னா நீ போய்க் கேக்கணும். என் வாழ்க்க இங்க நடக்குது."

அவள் உட்காரவில்லை. "அப்ப தேசம்ங்கறது அவ்வளவுதானா? வாய்க்காலா?"

வகுப்பே நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிரெஞ்சு வினைச்சொற்களை இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த அந்த மாடியில் இப்படி ஒரு கேள்வி எழுந்ததே இல்லை. அன்றைக்கு இலக்கணத்தை மூடி வைத்தோம். அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக் குடியரசின் மூன்று சொற்களைப் பலகையில் எழுதினேன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அதோடு இந்திய அரசியலமைப்பின் முகப்புரையைத் தமிழில் போனில் எடுத்து வாசிக்கச் சொன்னேன். நானே அதை முழுதாக வாசித்தது அந்த வாரத்தில்தான்.

கோட்டுச்சேரிப் பெண்தான் வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். "மேடம், அதே மூணும் இங்கயும் இருக்கு."

"ஆமா."

"ஆனா இங்க அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. நீதி." அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "நீதிய முதல்ல வச்சிருக்காங்க. அப்பறந்தான் மத்தது."

பின்வரிசையில் இருந்த ஒரு பையன், மாமா குவைத்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு வருபவன், "எங்க மாமா இருக்குற ஊர்ல நம்மாளு எத்தன வருசம் வேலை பாத்தாலும் பிரஜை ஆக முடியாது மேடம். இந்தப் பேச்சே கெடையாது" என்றான். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. பிரான்சில் பள்ளிக்கூடத்துக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது சமத்துவமா இல்லையா என்று இரண்டு முஸ்லிம் பெண்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, அங்கே போனால் அந்தச் சட்டத்தைத்தானே மதிக்கணும் என்றாள். இன்னொருத்தி, மதிப்பேன், ஆனால் தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்டாள். இருக்கிறது என்றேன். இரண்டு நாட்டிலும் எழுத்தில் இருக்கிறது, கேட்டு வாங்குவது நம் வேலை என்றேன். வகுப்பு நேரம் முடிந்து வெகு நேரமாகியும் யாரும் கிளம்பவில்லை. அடுத்த வாரம் ஒருத்தரும் நின்றுவிடவில்லை. கூடுதலாக இரண்டு பேர் வந்தார்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் மஃப்டியில் வந்தார். என்னிடம் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்திலும் கேட்க வேண்டும் என்றார். மீன்கார அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவங்க இங்க எவ்வளவு காலமா இருக்காங்க?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப இருந்தாங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது," என்றார் அக்கா.

"நடத்த எப்படி?"

"தம்பி, மழைக்காலத்துல வந்து பாருங்க. எல்லாம் தெரியும்."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

காத்திருந்த மாதங்களில் ஒரு மத்தியானம் கணவர் சாப்பிட வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "நகராட்சித் தேர்தல் நின்னுபோச்சு. இட ஒதுக்கீட்டுல பிரச்சினன்னு கோர்ட்ல தடை வாங்கிட்டாங்களாம்."

நான் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"இப்ப என்ன செய்யப்போற?" என்றார். "விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கலாம். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல."

நான் உட்கார்ந்தேன். தேர்தலுக்காகத்தானே எல்லாம் ஆரம்பித்தது. அது இல்லையென்று ஆன பிறகு எனக்குள் ஏமாற்றம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், சூடாக, அந்தப் பழைய பரபரப்பு அப்படியே இருந்தது. வாய்க்காலுக்காக என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் இல்லாவிட்டாலும் எனக்கு இது வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கொடி பார்த்துக் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை நான். பிரான்சின் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அக்காவும் எதிர்வீட்டு மருமகளும் ஓட்டுப் போட்டு விரலைக் காட்டிக்கொண்டு வருகிற நாளில் நான் ஜன்னலில் நின்று பார்த்தது எத்தனை தடவை. அவர்கள் தீர்மானித்ததற்குக் கீழே நானும் வாழ்ந்தேன், தீர்மானத்தில் மட்டும் நான் இல்லை. இனிமேல் தவறாகப் போனாலும் அதில் என் பங்கும் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"வாபஸ் வாங்க மாட்டேங்க" என்றேன்.

"நெனச்சேன்" என்றார். "ரசம் இருக்கா?"

உறுதிமொழி எடுக்க ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்குப் போகிறேனா என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அறையில் ஓர் அதிகாரியும் ஓர் உதவியாளரும் மட்டும். மின்விசிறிச் சத்தம். உறுதிமொழி ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். அந்த அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தார். "அர்த்தம் மாறாம சொல்லுங்க. கையெழுத்து இதுல போடுங்க" என்றார்.

முந்தின நாளே மொழிபெயர்த்து வைத்திருந்தேன். மொழிபெயர்க்கும்போதுதான் கவனித்தேன், உறுதிமொழி மண்ணுக்கு இல்லை, மதத்துக்கு இல்லை, மொழிக்கு இல்லை, எந்தத் தலைவருக்கும் இல்லை. சட்டப்படி அமைந்த அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், இந்தியச் சட்டங்களின்படி நடப்பேன், குடிமகளாக என் கடமையைச் செய்வேன். அவ்வளவுதான். சொல்லும்போது குரல் நடுங்கியது. எந்த ஜன்னலிலும் நடுங்காத குரல். உதவியாளர் ஒரு தம்ளர் தண்ணீர் நகர்த்தி வைத்தார். முடித்ததும் அதிகாரி எழுந்து கைகூப்பினார். "எங்களுக்கெல்லாம் இது சும்மாவே வந்துடுச்சு மேடம். ஒருநாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல" என்றார்.

பிறகு புதுச்சேரிக்கு பஸ் ஏறி, தூதரகத்தில் குடியுரிமையைக் கைவிடும் அறிவிப்புக் கொடுக்கப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பிரெஞ்சுப் பெண். நன்றாக யோசித்துவிட்டீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். யோசித்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்பது அவள் வேலை இல்லை, ஆனாலும் கேட்டாள். நான் பேச ஆரம்பித்தேன். தெரு, மழை, முகப்புரை, வகுப்பில் நடந்த சண்டை எல்லாவற்றையும். ஒரு பிழையில்லாமல், எங்கும் நிற்காமல். வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறந்த பிரெஞ்சு அதுதான். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், இந்தியச் சான்றிதழ் கைக்கு வருகிற நாளில்தான் இது நடைமுறைக்கு வரும், நீங்கள் ஒரு கணம்கூட நாடில்லாமல் இருக்க மாட்டீர்கள் என்று அக்கறையோடு விளக்கினாள். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சிதம்பரம் தாண்டும்வரை அதையே மனதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சான்றிதழ் வந்தது. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் அக்கா என்னைக் காலையிலேயே வந்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் வரிசை. "கைய நடுங்க விடாதீங்க, வேற எவனுக்காவது விழுந்துடப் போவுது" என்றார். யாருக்குப் போட்டேன் என்று அவரிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவருக்கு அதுதான் வருத்தம். "இத்தன பாடுபட்டு வந்துட்டு இதச் சொல்ல மாட்டேங்குறீங்களே." நான் போட்ட ஆள் தோற்றார். அன்று சாயங்காலம் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் பிரான்சில் யார் தோற்றபோதும் வந்ததில்லை. கணவர் டிவியை அணைக்க வேண்டியதாயிற்று.

நகராட்சித் தேர்தல் இன்னும் நடக்கவில்லை. நடந்தால் நிற்பேன். போன மழைக்கு வாய்க்காலைத் தூர் வாரினார்கள், பாதி வரைக்கும். கோட்டுச்சேரிப் பெண் விசா கிடைத்துப் போய்விட்டாள். அங்கே அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை என்று குடியிருப்பவர்களைக் கூட்டி மனு எழுதினாளாம். மனுவை எனக்கு அனுப்பி, பிழை திருத்தித் தரச் சொன்னாள். இரண்டே பிழைதான் இருந்தது.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நானும் விசாவுக்கு நின்றேன். கிடைத்தது. பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கி, பழக்கதோஷத்தில் நேராக ஐரோப்பியர்களுக்கான சின்ன வரிசைக்குப் போனேன். ஒரு காவலர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் நீளமான வரிசை. ஆப்பிரிக்கப் பெண்கள், சீனக் குடும்பம் ஒன்று, தலைப்பாகை கட்டிய பஞ்சாபித் தாத்தா, தூங்கும் குழந்தைகள். கணவர் என் பின்னால் நின்றார். அவர் எப்போதும் இந்த வரிசைதான். "இத்தன வருசம் நீ அந்தப் பக்கம் போயி எனக்காகக் காத்துக்கிட்டு நிப்ப," என்றார். "இப்பதான் சேந்து நிக்கிறோம்."

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகன் கல்யாணம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். இந்தியப் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரெஞ்சு எங்கே படித்தீர்கள்?"

"காரைக்காலில்."

"அது எங்கே இருக்கிறது?"

பின்னால் வரிசை காத்திருந்தது. கணவர் என் முழங்கையைத் தொட்டார். ஆனாலும் சொன்னேன். புதுச்சேரிக்குத் தெற்கே, காவிரி கடலில் கலக்கிற பகுதியில், மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். அவர் கேட்டுக்கொண்டே முத்திரையைக் குத்தினார். வெளியே மகன் நின்றிருந்தான். பக்கத்தில் மருமகளாகப் போகிறவள், என்னிடம் தமிழில் சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.